நஞ்சின் பெயரை எழுதுங்கள்

எல்லா உயிரும் கடைசியில் மூச்சு நின்று, இதயம் நின்றுதான் போகிறது. ஆகவே மரணச் சான்றிதழில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘இதயம் நின்றது’, ‘மூச்சுத்திணறல்’ என்று எழுதினால், அவர் இறந்துவிட்டார் என்பதையே இரண்டாம் முறை எழுதியதாகிறது. எதனால் இறந்தார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் ஓர் இளவயது மரணம் நடக்கும்போது அந்தக் கட்டத்தில் விழும் நாலைந்து சொற்களுக்கு, அடுத்த லயத்துப் பிள்ளையைக் காப்பாற்றும் வலிமை உண்டு. அந்தச் சொற்கள் எப்படி உருவாகின்றன, எங்கே பிழையாகிப் போகின்றன, எப்படித் திருத்தலாம் என்பதைப் பார்ப்போம். ஹெரோயின் முதலிய அபினி வகைப் போதைப்பொருள்களால் நேரும் மரணங்களையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். தடயம் விடாமல் ஒளிந்துகொள்வதில் அவற்றுக்கு இணையான நஞ்சு குறைவு.

கேகாலைக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா முதலிய ஆறுகள் வற்றி, மணலிலும் பாறை இடுக்குகளிலும் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கியது. ஓடும் ஆற்றில் முட்டையிட முடியாத அனோஃபிலிஸ் கொசுவுக்கு அந்தக் குட்டைகள் போதுமாக இருந்தன. ஆண்டின் கடைசி மாதங்களில் கிளம்பிய மலேரியா 1935 வரை நீடித்தது. நாடெங்கும் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். மிகக் கடுமையாக அடிபட்டது கேகாலை மாவட்டம். எஸ்.ஏ. விக்கிரமசிங்க, என்.எம். பெரேரா போன்ற இடதுசாரித் தலைவர்கள் நிவாரணப் பணிக்காக இந்தக் கிராமங்களில் நடந்து திரிந்தது அப்போதுதான்.

அந்த 80,000 என்ற எண் எப்படிக் கிடைத்தது? மரண ஏடுகளில் ‘மலேரியா’ என்று எழுதியவற்றை மட்டும் கூட்டினால் அது வராது. பதிவாளர்கள் வைத்தியர்கள் அல்லர். வீட்டார் சொன்னதைக் கேட்டுக் காய்ச்சல், வலிப்பு, பலவீனம் என்று எழுதினார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்து இறந்தால் வலிப்புதான் காரணமானது. எனவே அக்காலச் சுகாதாரத் துறையினர் வேறு வழியில் கணக்குப் போட்டார்கள். வழக்கமான ஆண்டுகளில் இந்த மாதங்களில் எத்தனை பேர் இறப்பார்கள், இந்த ஆண்டு எத்தனை பேர் இறந்தார்கள், மிகுதி எவ்வளவு என்று கழித்துப் பார்த்தார்கள். இன்று ‘மிகை மரணம்’ என்று சொல்லப்படும் அதே முறை. கொரோனாக் காலத்தில் உலகமே கையாண்டதும் இதுதான். மரணங்கள் தவறாமல் பதிவாகியிருந்ததால் இந்தக் கழித்தல் கணக்குப் பலித்தது. இலங்கையில் மரணப் பதிவு 1867 முதல் சட்டப்படி நடக்கிறது. எண்ணிக்கை சரியாக இருக்கும், காரணம் தடுமாறும் என்ற நிலை அப்போதே இருந்தது, இப்போதும் அப்படித்தான்.

கொள்ளைநோய் பல்லாயிரம் பேரைக் கொல்லும்போது மிகை மரணம் கண்ணில் படும். ஒரு பிரதேச செயலகப் பிரிவில் ஆண்டுக்கு மூன்று, நான்கு இளைஞர்களைக் கொல்லும் நஞ்சை இந்தக் கணக்கு காட்டாது. அதற்கு ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியே விசாரித்துப் பெயர் எழுதவேண்டும்.

ஒரு மரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கொழும்பில் கடையொன்றில் வேலை பார்க்கும் 26 வயதுப் பிள்ளை தீபாவளிக்குத் தெரணியகலைப் பக்கத்துத் தோட்டத்துக்கு வருகிறான். சில மாதங்களாகக் ‘குடு’ எனப்படும் ஹெரோயின் பழக்கத்தை விட்டிருந்தவன், வந்த இடத்தில் பழைய சிநேகிதர்களோடு கொஞ்சம் குடிக்கிறான், பிறகு பழைய அளவிலேயே ஒரு முறை இழுக்கிறான். இரவு பதினொரு மணிக்குப் பாயில் மல்லாந்து படுத்தவனிடமிருந்து பலத்த குறட்டை. “அலைச்சல், அசந்து தூங்குறான், எழுப்பாத” என்கிறாள் அம்மா. விடியற்காலை பிரட்டுக்குப் போகிற அப்பா தட்டி எழுப்பும்போது உடம்பு சில்லிட்டிருக்கிறது.

அந்தக் குறட்டைதான் கடைசி எச்சரிக்கை. கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலிலிருந்து அபினி கிடைக்கிறது. அபினியில் மோர்ஃபினும் கொடேயினும் இருக்கின்றன. மோர்ஃபினை வேதிமுறையில் மாற்றினால் ஹெரோயின். பெதிடின், டிரமடோல், மெத்தடோன், ஃபென்டனில் போன்றவற்றைச் செயற்கையாகச் செய்கிறார்கள். இவை எல்லாம் மூளையில் ‘மியூ’ என்ற ஒரே வகை ஏற்பிகளைப் பற்றிக்கொள்கின்றன. வலி அடங்குவதும் அங்கேதான், மூச்சு அடங்குவதும் அங்கேதான். நாம் தூங்கும்போதும் மூளைத்தண்டு இரத்தத்திலுள்ள கரியமிலவாயுவை அளந்துகொண்டே இருக்கிறது. அது கூடினால் மூச்சை வேகப்படுத்தும். அபினி வகை மருந்து அந்த உணர்வை மழுக்கிவிடுகிறது. கரியமிலவாயு ஏறுகிறது, மூளைத்தண்டு பேசாமல் இருக்கிறது. தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப்பாதை பாதி அடைபடுவதால் குறட்டை. மூச்சு நிமிடத்துக்கு ஆறு, நாலு என்று இறங்குகிறது. நுரையீரலில் நீர் கோத்து வாயோரம் நுரை தள்ளலாம். மதுவும் சேர்ந்தால் அதுவும் தன் பங்குக்கு மூச்சை அமுக்கும்.

பழக்கத்தை விட்டிருந்தவன் ஏன் இறந்தான்? தொடர்ந்து பயன்படுத்துகிறவரின் உடல் அந்த மருந்துக்கு ஈடுகொடுக்கப் பழகிவிடுகிறது. சில வாரம் நிறுத்தினாலே அந்தத் தாங்குதிறன் சரிந்துவிடும். பழைய அளவு இப்போது கொல்லும் அளவு. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானோரைத் தொடர்ந்து ஆராய்ந்து 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் மிகையளவு போதையால் அவர்கள் இறக்கும் வாய்ப்பு பொதுமக்களைவிட 129 மடங்கு என்று கண்டது. போதைப்பொருள் வழக்குகளில் இத்தனை பேர் சிறைக்குப் போய் வரும் நம் நாட்டில் இந்த எண்ணை ஒவ்வொரு சிறை அதிகாரியும் புனர்வாழ்வு நிலையமும் மனத்தில் வைத்திருக்கவேண்டும்.

சரி, அந்தப் பிள்ளையின் உடல் லயத்தில் கிடக்கிறது. உடம்பில் காயம் இல்லை. தோட்ட மருத்துவ உதவியாளர் வருகிறார், துரைக்குச் செய்தி போகிறது, பொலிஸ் வருகிறது. 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் தோட்டங்களுக்குத் தனி ஏற்பாடு வைத்திருக்கிறது. தோட்டத்தில் நடக்கும் மரணம் தோட்ட அத்தியட்சகர் வழியாகவே மாவட்டப் பதிவாளருக்குப் போகும். ஆனால் திடீர் மரணம் என்றால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி விசாரணை நடக்கவேண்டும். விசாரிப்பவர் திடீர் மரண விசாரணை அதிகாரி; தோட்டத்தில் ‘கொரனர்’ என்றால்தான் விளங்கும். அவர் ஊரில் மதிப்புள்ள மனிதராக இருப்பார். வைத்தியப் படிப்பு அந்தப் பதவிக்குத் தேவையில்லை. பிரேத பரிசோதனை வேண்டுமா என்று முடிவெடுப்பதில் அவர் சொல் பெரிது.

அந்த வாசலில் நின்று அவர் பார்க்கும் காட்சிக்குக் குறைந்தது ஐந்தாறு விளக்கங்கள் உண்டு. மாரடைப்பாக இருக்கலாம். வலிப்பாக இருக்கலாம். குடித்துவிட்டு மல்லாந்து படுத்தவர் வாந்தி மூச்சுக்குழலில் போய் இறந்திருக்கலாம். இரவில் பாயில் ஏறிக் கடிக்கும் கட்டுவிரியன் இனப் பாம்பு வலியோ வீக்கமோ இல்லாமல் மூச்சுத் தசைகளை முடக்கிவிடும். இலங்கையில் எலிக்காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் இரத்தினபுரியும் கேகாலையும் உண்டு. அது நுரையீரலில் இரத்தக் கசிவை உண்டாக்கி விரைந்து கொல்லக்கூடியது. களைக்கொல்லி, பூச்சிமருந்து, கசிப்பு இருக்கவே இருக்கின்றன. உயிரோடிருக்கும்போது குண்டூசி முனையாகச் சுருங்கியிருந்த கண்பாவை செத்தபிறகு விரிந்துவிடக்கூடும். அதை நம்பிச் சொல்லவும் முடியாது. ஹெரோயினைப் புகையாக இழுப்பதே இலங்கையில் பெருவழக்கம் என்பதால் கையில் ஊசித் தழும்பும் இருக்காது. வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் ஊசி அடையாளத்தைத் தேடச் சொல்லியிருக்கிறது என்று இங்கே அதையே தேடினால் பெரும்பாலான மரணங்கள் தப்பிவிடும்.

வீட்டாரிடம் கேட்டால், “நேத்து நெஞ்சு கரிக்குதுன்னான்” என்பார்கள். அது பொய்யாகவும் இருக்கவேண்டியதில்லை. கூடவே, “ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா வெட்டுவாங்க” என்ற பயமும், இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ போய்த் திரும்ப வேன் கூலியும், பேர் போடாத நாள்களின் சம்பள இழப்பும், தம்பி தங்கச்சிகளின் கல்யாணப் பேச்சும் இருக்கும். மாரடைப்பு என்று முடித்துக்கொள்ள எல்லோருக்கும் காரணம் இருக்கிறது. விசாரணை சிங்களத்தில் நடந்து, தமிழில் பேசும் தாயின் சொல் இன்னொருவர் வாய்வழியாகப் போகும்போது ‘குறட்டை விட்டான்’ என்ற ஒரு துப்பு நடுவழியில் விழுந்துவிடவும் கூடும். இந்தத் தாயைத் தமிழில், தனியாக, பொலிஸ்காரர் பக்கத்தில் இல்லாமல் பத்து நிமிடம் கேட்டால் பாதி உண்மை வெளியே வரும் என்பது என் உறுதியான நம்பிக்கை. கடைசியாக எப்போது பேசினான்? மூச்சுச் சத்தம் எப்படி இருந்தது? அண்மையில் சிறையிலோ சிகிச்சை நிலையத்திலோ இருந்தானா? தாள் பொட்டலம், தகரத்தாள், மாத்திரை அட்டை ஏதும் பக்கத்தில் கிடந்ததா? இந்த நாலு கேள்விக்கும் ஆய்வுக்கூடம் தேவையில்லை.

உடல் சட்ட வைத்திய அதிகாரியிடம் போனால் கதை மாறுகிறது. ஆனால் அங்கும் நேரத்தோடு ஓட்டம்தான். நம் நாட்டில் உடலை விரைவில் மலர்ச்சாலைக்குக் கொண்டுபோய்ப் பதப்படுத்துகிறார்கள். அந்தத் திரவத்திலுள்ள ஃபோமலின் பல மருந்துகளைச் சிதைக்கிறது. மெத்தனோல் கலந்திருந்தால் நச்சுச் சாராயக் கேள்விக்கும் விடை கிடைக்காமல் போகிறது. மாதிரி எடுக்காமல் பதப்படுத்திய உடலில் ஹெரோயினைத் தேடுவது பெரும்பாலும் வீண்வேலை.

மாதிரி எடுக்கும் கையையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். இரத்தம்தானே, எங்கே குத்தினால் என்ன என்று தோன்றும். உயிர் போன பிறகு ஈரலிலும் நுரையீரலிலும் தங்கியிருந்த மருந்து அக்கம்பக்கத்துக்குக் கசிகிறது. இதயத்து இரத்தத்தில் அதன் அளவு பொய்யாக ஏறிவிடும். அதனால் தொடையின் மேற்பகுதியில் ஓடும் சிரையிலிருந்து, முடிந்தால் நாளத்தைக் கட்டிவிட்டு, இரத்தம் எடுக்கவேண்டும். அதைச் சோடியம் புளோரைட்டு போட்ட குப்பியில் விடவேண்டும். இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் தாமே மதுசாரத்தை உண்டாக்கி, குடிக்காதவரைக் குடிகாரராக்கும். சிறுநீர் இன்னொரு குப்பி. கண்ணின் உள்ளேயிருக்கும் பளிங்குநீர் மூன்றாவது குப்பி. மெல்லிய ஊசியால் இரண்டு மூன்று மில்லிலீற்றர் எடுத்தால் போதும். கண் ஒரு மூடிய அறை. கிருமியும் கசிவும் அங்கே தாமதமாகத்தான் எட்டும். எங்கிருந்து எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது என்று ஒவ்வொரு குப்பியிலும் எழுதி முத்திரை வைத்தால்தான் அது சான்று. குளிரூட்டாமல் இரண்டு நாள் மேசையில் கிடந்தால் மூன்று குப்பியும் வெறும் நீர்தான்.

நச்சுப் பரிசோதனைக்கான மாதிரிகள் நீதிமன்றக் கட்டளையோடு பத்தரமுல்லை பெலவத்தையிலுள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகின்றன. அங்கே நடக்கும் வேதியியல் மிக அழகானது. ஹெரோயின் இரத்தத்தில் சில நிமிடங்களே ஹெரோயினாக இருக்கிறது. உடனே ஆறு-மோனோஅசெட்டைல்மோர்ஃபின் என்ற இடைப்பொருளாகவும், பிறகு வெறும் மோர்ஃபினாகவும் மாறிவிடுகிறது. மோர்ஃபின் மட்டும் கிடைத்தால் அது ஹெரோயினா, வைத்தியசாலையில் கொடுத்த மோர்ஃபினா, இருமல் மருந்தின் கொடேயின் மாறியதா என்று கேள்வி வரும். இடைப்பொருள் கிடைத்துவிட்டால் ஐயமே இல்லை. மனித உடலில் அது ஹெரோயினிலிருந்துதான் வரும். இரத்தத்தில் மறைந்துவிட்டாலும் சிறுநீரிலும் கண்ணின் பளிங்குநீரிலும் அது கூடுதல் நேரம் தங்கும். அந்த மூன்று குப்பிகளின் அருமை இங்கேதான் தெரியும்.

இன்னொன்று. வைத்தியசாலைகளில் கையாளும் விரைவுப் பரிசோதனைப் பட்டைகள் மோர்ஃபின் வடிவத்தை அடையாளம் காணச் செய்யப்பட்டவை. டிரமடோல், ஃபென்டனில், மெத்தடோன் ஆகியவற்றின் மூலக்கூறு வேறு வடிவம். பட்டை ‘இல்லை’ என்றே காட்டும். அந்த ‘இல்லை’யை நம்பிக் கோப்பை மூடக்கூடாது. ஒவ்வொரு மூலக்கூறையும் எடை பார்த்துப் பிரித்தறியும் நிறமாலைக் கருவிதான் முடிந்த முடிவைச் சொல்லும்.

அறிக்கை வர வாரங்களும் ஆகும், மாதங்களும் ஆகும். அதுவரை வீட்டார் காத்திருக்க முடியாது; அடக்கம் செய்யவேண்டும், சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்கவேண்டும். ஆகவே காரணம் ‘விசாரணையில்’ என்று எழுதிப் பத்திரம் கொடுக்கலாம். அது நேர்மையான சொல்தான். பின்னர் வந்த முடிவு நீதவான் நீதிமன்றக் கோப்பிலேயே தங்கி, பதிவாளர் ஏட்டில் திருத்தம் ஏறாமல் போனால் அவ்வளவு வேதியியலும் வீண். பளிங்குநீர் எடுத்தவரும் கருவியில் விடிய விடிய நின்றவரும் கண்டுபிடித்த உண்மை நாட்டின் புள்ளிவிவரத்தில் ஏறவே ஏறாது. இந்தச் சங்கிலியில் எனக்கு மிகுந்த ஆற்றாமை தருவது இந்தக் கடைசிக் கண்ணிதான். ஏனென்றால் இதைச் சரிசெய்யக் கருவி வாங்கவேண்டியதில்லை, ஆள் எடுக்கவேண்டியதில்லை. ஒரு கடிதம் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குத் தவறாமல் போகவேண்டும், அவ்வளவே.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த மரணச் சான்றிதழ்ப் படிவம் ஒரு படிக்கட்டாக அமைந்தது. முதல் பகுதியின் மேல்வரியில் உடனடிக் காரணம்; அதற்குக் கீழே அதை உண்டாக்கியது; அதற்கும் கீழே எல்லாவற்றுக்கும் மூலமானது. இரண்டாம் பகுதியில் துணைநின்ற நோய்கள். நம் கற்பனைப் பிள்ளைக்கு மேல்வரியில் ‘மூச்சுச் செயலிழப்பு’, கீழ்வரியில் ‘ஹெரோயின், மதுசாரம் இரண்டும் சேர்ந்த நஞ்சாதல்’ என்று வரவேண்டும். கீழ்வரியைத்தான் உலகம் எண்ணுகிறது. ஐ.சி.டி-10 என்ற பன்னாட்டு நோய்ப் பகுப்பில், தற்செயலாகப் போதைமருந்தால் நஞ்சானது எக்ஸ் 42. அத்துடன் ஹெரோயினுக்கு டி 40.1. ‘மோர்ஃபின் நஞ்சாதல்’ என்று எழுதிவிட்டால் டி 40.2, ஹெரோயின் மறைந்து வைத்தியர் எழுதிக்கொடுக்கும் மருந்துகளின் கூட்டத்தில் அது சேர்ந்துவிடும். ‘மருந்து மிகையளவு’ என்று மட்டும் எழுதினால் எக்ஸ் 44, டி 50.9: பெயர் தெரியாத மருந்து. மரணம் எண்ணப்பட்டிருக்கும், கொலைகாரன் தப்பியிருப்பான்.

பணமும் ஆய்வுக்கூடமும் நிறைந்த அமெரிக்காவிலேயே இது நடந்தது. 2013 வாக்கில் அங்கே போதைமருந்து மிகையளவு மரணங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட சான்றிதழ்களில் எந்த மருந்து என்றே எழுதப்படவில்லை. கிறிஸ்டஃபர் ரூம் என்ற பொருளியலாளர், பெயர் எழுதிய சான்றிதழ்களில் வயது, பால், ஊர் முதலியவை எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்த்து, பெயர் எழுதாதவற்றில் எத்தனை அபினி வகை மரணங்கள் இருக்கும் என்று புள்ளியியல் முறையில் மதிப்பிட்டார். 2014க்கான அபினி வகை மரண வீதம் அரசு சொன்னதைவிட 24 சதவீதம் கூடுதல் என்று 2017இல் வெளியிட்டார். பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் இடைவெளி மிகப் பெரிதாக இருந்தது. மரண விசாரணை அதிகாரியைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. மருந்தின் பெயரை எழுதும்படி தொடர்ந்து வற்புறுத்தியபின், 2017இல் பெயர் எழுதாதவை 12 சதவீதமாகக் குறைந்தன. 2021இல் அந்த நாட்டில் மிகையளவால் இறந்தோர் 106,699 பேர். எந்த மருந்து, எந்த ஊர் என்று தெரிந்ததால்தான் மூச்சை மீட்கும் நலோக்சோன் மருந்தை எங்கே குவிப்பது என்று தீர்மானிக்க முடிந்தது.

நமக்கு அமெரிக்கா வரை போகவேண்டிய தேவையும் இல்லை. நஞ்சின் பெயரை எழுதுவதால் உயிர் பிழைக்கும் என்பதற்கு உலகத்துக்கே எடுத்துக்காட்டு இலங்கை. 1950க்கும் 1995க்கும் இடையில் இந்த நாட்டின் தற்கொலை வீதம் ஏறத்தாழ 8 மடங்கானது. பூச்சிமருந்தும் களைக்கொல்லியுமே பெருங்காரணம். தெளிக்கிற மருந்தை வைக்கும் ஸ்டோர் லயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் தோட்டப்புறத்தில் இதை யாரும் விளக்கத் தேவையில்லை. ‘விஷம் குடித்து இறந்தார்’ என்ற ஒற்றை வரியோடு நின்றிருந்தால், மனிதர் மனத்தை மாற்றுவது எப்படி என்று பேசிக்கொண்டே இருந்திருப்போம். எந்த விஷம் என்று கேட்டவர்கள் வேறு வழி கண்டார்கள். 1984இல் பரத்தியன், 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ், 1998இல் எண்டோசல்பான் என்று கொடிய மருந்துகள் ஒவ்வொன்றாகத் தடையாயின. 2005க்குள் தற்கொலை வீதம் பாதியானது.

அதோடு விடவில்லை. 2002 முதல் வடமத்திய மாகாண வைத்தியசாலைகளில் நஞ்சுண்டு வந்த ஒவ்வொருவரும் எந்த மருந்தைக் குடித்தார், பிழைத்தாரா என்று ஆயிரக்கணக்கில் பதிந்தார்கள். சில மருந்துகளைக் குடித்தவர்களில் யாருமே சாகவில்லை. பரகுவாட் குடித்தவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் செத்தார்கள். அந்தப் பட்டியலை முன்வைத்து, தேயிலைத் தோட்டமெங்கும் புல்லுக்கு அடித்துவந்த பரகுவாட்டும் டைமீதோவேட்டு, பென்தியன் ஆகியவையும் 2008 முதல் 2011 வரை படிப்படியாக விலக்கப்பட்டன. 1995 முதல் 2015 வரை இந்தத் தடைகளால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். நஞ்சுண்டவர்களைத் திட்டாமல், தண்டிக்காமல், பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டதன் பலன் அது. தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டத்தை நாடு 1998இல் நீக்கியதும் வீட்டார் உண்மை பேச வழிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஹெரோயினுக்கு நாம் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. அது 1980களின் தொடக்கத்தில் இந்த நாட்டுக்கு வந்தது. 1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை உருவானது. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு 2 கிராமுக்கு மேல் ஹெரோயின் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்றானது. கடத்தலுக்கு எதிரான சட்டம் கடுமையாக இருக்கட்டும். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் உண்மை சொன்னால் வீட்டில் இன்னொருவரைப் பிடித்துப் போவார்களோ என்று அஞ்சும்வரை, ஏட்டில் மாரடைப்பே எழுதப்படும். மரண விசாரணையில் வீட்டார் சொல்வது வீட்டார்மீதே வழக்காகத் திரும்பாது என்ற உறுதியை நீதி அமைச்சு எழுத்தில் தரவேண்டும். அதைத் தமிழிலும் எழுதி, விசாரணை தொடங்குமுன் வாசித்துக் காட்டவேண்டும்.

தோட்டத்தில் ஹெரோயினைவிடக் கசிப்பும் சாராயமும் அதிகம் பேரைக் கொல்கின்றனவே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தொடையிரத்தமும் பளிங்குநீரும் எடுத்து முறையாகச் சோதித்தால் ஹெரோயின் மட்டும் தெரிவதில்லை; மதுசாரத்தின் அளவும், நச்சுச் சாராயத்தின் மெத்தனோலும், பூச்சிமருந்தும் அதே குப்பிகளில் தெரியும். ‘மாரடைப்பு’ என்று எழுதப்பட்ட 30 வயது மரணங்களுக்குள் என்னென்ன புதைந்திருக்கின்றன என்று பார்க்க இது ஒன்றே வழி. எலிக்காய்ச்சலைக் கண்டுபிடிக்கவும் பிரேத பரிசோதனை வேண்டும்.

இரத்தினபுரியிலும் கேகாலையிலும் போதனா வைத்தியசாலைகள் இருக்கின்றன. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இரத்தினபுரியிலேயே இயங்குகிறது. இரண்டு மாவட்டத்திலும் 45 வயதுக்குட்பட்டவரின் எந்தத் திடீர் மரணமும், காயமில்லை என்றாலும், சட்ட வைத்திய அதிகாரியிடம் போகவேண்டும் என்று விதி செய்யலாம். இங்கேயே நச்சியல் ஆய்வுக்கூடம் ஒன்று அமைந்தால் பத்தரமுல்லைக்கு வேனில் குப்பி போகும் நாள்கள் மிச்சமாகும். உடலைத் திருப்பிக் கொண்டுபோகும் வேன் கூலியை ஏழைக் குடும்பத்துக்கு அரசோ தோட்ட நிருவாகமோ ஏற்கவேண்டும். அந்தச் சில ஆயிரம் ரூபாய்தான் பல வீடுகளில் உண்மையை அடக்கம் செய்துவிடுகிறது.

தோட்டத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல எனக்குச் சில இருக்கின்றன. போதையில் படுத்தவர் வழக்கமில்லாத குறட்டை விட்டால், தட்டியும் நெஞ்செலும்பில் முட்டியால் தேய்த்தும் விழிக்காவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், தூங்கட்டும் என்று விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990க்கு அழையுங்கள். அந்த ஆம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. என்ன எடுத்தார் என்று தெரிந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மரணம் நடந்துவிட்டால், பக்கத்தில் கிடந்த பொட்டலத்தையோ மாத்திரை அட்டையையோ அடுப்பில் போடாமல் விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். மாதிரி எடுக்குமுன் மலர்ச்சாலைக்கு அனுப்ப ஒப்பாதீர்கள். பத்திரத்தில் ‘விசாரணையில்’ என்று இருந்தால், இறுதி அறிக்கை வந்ததா என்று நீதவான் நீதிமன்றத்தில் கேளுங்கள். வந்த முடிவைப் பதிவாளரிடம் சொல்லி ஏட்டில் திருத்தக் கோருங்கள். ஊழியர் சேமலாப நிதி இறந்தவர் உழைத்த பணம். எதனால் இறந்தார் என்று பார்த்து அதை யாரும் மறுப்பதில்லை. ஆகையால் பயப்படாமல் உண்மையான காரணத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.